மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு தட்டி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஆண்டுத் தேர்வு நேரம். ஆனாலும் இந்தக் கடிதம் மார்க் பற்றியது இல்லை, உங்கள் வீட்டு ஜன்னலைப் பற்றியது. காலை முதல் பீரியடிலேயே பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். கேட்டால், "ராத்திரி ஒரே வேக்காடு சார், உறக்கமே வரல" என்கிறார்கள். பகலெல்லாம் தரையும் சுவரும் வாங்கி வைத்த சூடு ராத்திரிதானே வெளியே வரும்.

நம் எட்டாம் வகுப்பு அறைக்கு மேற்கே இரண்டு ஜன்னல். போன வருஷம் உள்பக்கம் கனமான திரை வாங்கி மாட்டினேன். அறை இருட்டானதுதான் மிச்சம். மூன்று மணிக்குத் திரையைத் தொட்டால் சுட்டது. வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகு திரை தடுத்து என்ன? அது வாங்கிய சூட்டை அறைக்குள்தான் விடும். இந்த வருஷம் அதே ஜன்னல்களுக்கு வெளியே தென்னங்கிடுகு கட்டினோம். இப்போது கடைசிப் பீரியடிலும் பிள்ளைகள் விழித்திருக்கிறார்கள், என் கணக்கு வகுப்பு உட்பட.

எல்லா ஜன்னலுக்கும் கட்டிச் செலவழிக்க வேண்டாம். நம் திருநெல்வேலியில் ஏப்ரல் இரண்டாம் வாரம் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை வடக்கே சாய்ந்துதான் போகும். அதனால் கத்திரி வெயில் காலத்தில் தெற்கு ஜன்னலில் நேர்வெயில் விழாது. அதைத் திறந்தே வையுங்கள். உச்சிவெயிலுக்குச் சன்ஷேடு போதும். நாலு மணி வெயில்தான் சன்ஷேடுக்குக் கீழே புகுந்து கட்டில் வரைக்கும் வரும். மேற்குக்கு முதலில் கட்டுங்கள், அப்புறம் கிழக்கு.

கிடுகு, பனையோலைத் தட்டி, பழைய கோரைப்பாய், கடையில் விற்கும் பச்சை வலை, எதுவானாலும் சரி. ஜன்னலோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். இடையில் காற்று ஓடினால்தான் தட்டியின் சூடு உள்ளே வராமல் மேலே போகும். அடுப்படிப் பக்கம் ஓலை வேண்டாம். ஜூனில் மேல்காற்று கிளம்புமுன் நாலு மூலையையும் இறுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் தட்டியைப் பக்கத்து வீட்டு மாடியில் தேட வேண்டிவரும்.

கிடுகு முடையத் தெரிந்த தாத்தா, ஆச்சி வீட்டில் இருந்தால் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புங்கள். வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வேப்பமரத்தடியில் ஓலை ஊறவைத்துத் தயாராக இருக்கும். ஆறாம் வகுப்புக்கு இன்னும் கட்டவில்லை.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்