வில்லியமினா ஃபிளெமிங் அம்மையாருக்கு: தாங்கள் கண்ட முக்கோணம் பற்றி

மதிப்பிற்குரிய ஃபிளெமிங் அம்மையார் அவர்களுக்கு,

வணக்கம். ஹார்வர்டு வானாய்வகத்தின் கண்ணாடிப் புகைப்படத் தகடுகளில் தாங்கள் கண்டுபிடித்துப் பதிவு செய்த நூற்றுக்கணக்கான பொருள்களுள் இரண்டைப் பற்றி மட்டும் இக்கடிதத்தில் எழுதுகிறேன். ஒன்று 1895இல் சென்டாரஸ் விண்மீன் குழுவில் தாங்கள் கண்ட புதிய விண்மீன். மற்றொன்று 1904இல் அன்னம் என்று நாங்கள் அழைக்கும் சிக்னஸ் குழுவில் தாங்கள் கண்ட முக்கோண வடிவ நெபுலா, அதாவது வானில் மங்கலாகத் தெரியும் ஒளிப்படலம். இவ்விரண்டுக்கும் உள்ள உறவு, 1911இல் தாங்கள் மறைந்து பல ஆண்டுகள் கழிந்த பிறகே வானியலாளர்களுக்குப் புலப்பட்டது. அதைத் தங்களுக்குத் தெரிவிப்பதும், முக்கோணத்தின் பெயர் குறித்து என் மனக்குறையைச் சொல்வதுமே என் நோக்கம்.

முதலில் சென்டாரஸ் விண்மீன். ஹார்வர்டின் பெரு நாட்டுக் கிளையான அரெகிப்பாவில் எடுக்கப்பட்ட நிறமாலைத் தகடு ஒன்றில், என்ஜிசி என்ற வான்பொருள் பட்டியலில் 5253 என்று எண்ணிடப்பட்ட சிறு நெபுலாவின் இடத்தில், மற்ற நோவாக்களின், அதாவது திடீரென ஒளி பெருகும் விண்மீன்களின், நிறமாலையை ஒத்திராத ஒரு நிறமாலையைத் தாங்கள் கண்டீர்கள். அதற்கு இசட் சென்டாரி என்று பெயரிட்டு, மாறும் விண்மீன்களின் வரிசையில் சேர்த்தார்கள். அது ஏறத்தாழ எட்டாம் ஒளித்தரத்தில் இருந்தது. அதைத் தாங்கியிருந்த நெபுலா முழுவதையும்விட ஒளி மிகுந்தது. ஒரு தனி விண்மீன் எப்படி ஒரு நெபுலாவை மிஞ்ச முடியும் என்ற கேள்விக்கு அன்று விடை கிடையாது. அந்த நெபுலா ஒரு கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் உள்ள தனி விண்மீன் மண்டலம் என்பதும், தாங்கள் கண்டது ஒரு விண்மீன் முற்றாக வெடித்துச் சிதறிய ஒளி என்பதும் பின்னர்தான் தெரிந்தன. வால்டர் பாடே, ஃபிரிட்ஸ் ஸ்விக்கி இருவரும் 1934இல் இத்தகைய வெடிப்புகளைச் சாதாரண நோவாக்களிலிருந்து பிரித்து, சூப்பர்நோவா என்ற பெயரில் தனி வகையாக்கினார்கள். தங்கள் விண்மீன் இன்று எஸ்என் 1895பி என்ற எண்ணுடன் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

அடுத்தது முக்கோணம். அது தனித்த பொருள் அன்று. அதன் இருபுறமும் உள்ள ஒளி வளைவுகளை 1784 செப்டம்பரில் வில்லியம் ஹெர்ஷல், இங்கிலாந்தின் டாட்செட்டில் இருந்த தம் வீட்டுத் தோட்டத்திலிருந்து, 18.7 அங்குல ஆடி கொண்ட தொலைநோக்கியில் கண்டிருந்தார். அவர் குழாயருகே நின்று உரக்கச் சொல்ல, தங்கை கரோலின் அதை எழுதிக்கொண்டார். அந்தக் கருவியில் ஒரு நேரத்தில் தெரிந்த வானத்தின் அகலம் ஏறத்தாழ கால் பாகை. முழு நிலவில் பாதி. இந்த வளைவுகளும் முக்கோணமும் சேர்ந்த நெபுலாவோ மூன்று பாகை விரிந்தது. ஆகவே அவர் பட்டியலில் அது தொடர்பற்ற துண்டுகளாகவே ஏறியது. வானியலாளர் டிரையர் 1888இல் வெளியிட்ட புதிய பொதுப் பட்டியலிலும், அதாவது என்ஜிசியிலும், மேற்கு வளைவு 6960 என்றும், கிழக்கு வளைவு 6992, 6995 என்றும், வடக்கே உள்ள சிறு துண்டுகள் 6974, 6979 என்றும் சிதறிக் கிடக்கின்றன. இவற்றுக்கிடையே இருந்த மங்கலான முக்கோணம் கண்ணால் பார்த்த எவருக்கும் அகப்படவில்லை. நீண்ட நேரம் ஒளியைச் சேர்த்து வைத்திருந்த தகட்டில், விண்மீன்கள் கரும்புள்ளிகளாகத் தெரியும் எதிர்ப்படிவத்தை உருப்பெருக்கியால் அங்குலம் அங்குலமாகப் பார்த்துச் சென்ற தங்களுக்கே அது அகப்பட்டது.

இப்போது அந்த நெபுலா முழுவதையும் ஒரே பொருளாக அறிகிறோம். ஏறத்தாழ பத்தாயிரம் முதல் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், தாங்கள் சென்டாரஸில் கண்டதைப் போலவே, ஒரு விண்மீன் சூப்பர்நோவாவாக வெடித்தது. அதன் அதிர்வலை ஒரு குமிழாக இன்றும் விரிந்துகொண்டிருக்கிறது. குமிழின் குறுக்களவு இப்போது சுமார் 120 ஒளியாண்டு. தொலைவைப் பற்றிய கணக்கு பலமுறை மாறியது. 2,500 ஒளியாண்டு என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1999இல் அதை 1,400 அளவுக்குக் குறைத்தார்கள். விண்மீன்களின் தொலைவை அளந்த கையா விண்கலத்தின் அளவீடுகள் வந்த பிறகு சுமார் 2,400க்குத் திரும்பியிருக்கிறார்கள். பழைய கணக்குக்குப் பக்கத்திலேயே வந்து நின்றதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை.

தகட்டில் தாங்கள் பார்த்த அந்த மெல்லிய இழைகளின் இயல்பு வியப்புக்குரியது. அவை உண்மையில் நூல்கள் அல்ல. அதிர்வலை விண்மீன்களுக்கு இடையே உள்ள வளிமத்தில் மோதும் இடம் ஒரு பரப்பு. அது அலையலையாக நெளிந்திருக்கிறது. காற்றில் ஆடும் சேலையை நேராகப் பார்த்தால் துணி மெல்லியதாகவும், மடிப்பின் ஓரமாகப் பார்த்தால் அடர்ந்த கோடாகவும் தெரிவது போல, அந்தப் பரப்பு எங்கே நம் பார்வைக் கோட்டோடு இணைந்து செல்கிறதோ அங்கே மட்டும் ஒளி திரண்டு இழையாகிறது. குமிழின் உட்புறம் பல லட்சம் பாகை வெப்பம் கொண்டு எக்ஸ் கதிர்களில் ஒளிர்கிறது. நம் கண்ணுக்குத் தெரிவது, அடர்ந்த மேகங்களில் மோதி வேகம் இழந்து குளிர்ந்துவரும் ஓரங்கள் மட்டுமே.

தங்களுக்குப் பழக்கமான ஒரு புதிரும் தீர்ந்துவிட்டது. வளிம நெபுலாக்களின் நிறமாலையில் வரும் இரண்டு பச்சைக் கோடுகளை, நெபுலியம் என்ற அறியாத தனிமத்துடையவை என்று தங்கள் காலத்தவர் கருதினார்கள். அவை இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜனின் கோடுகள் என்று 1927இல் இயற்பியலாளர் ஐரா போவன் நிறுவினார். ஆய்வகங்களில் எளிதில் எட்ட முடியாத அளவுக்கு அடர்த்தி குறைந்த இடத்தில்தான் அவை வலுவாகத் தோன்றும். இந்த 495.9, 500.7 நானோமீட்டர் கோடுகளை மட்டும் உள்ளே விட்டு மற்ற ஒளியைத் தடுக்கும் ஓ-மூன்று ஃபில்டர் இன்று அமெச்சூர் வானியலாளர்களுக்கே கிடைக்கிறது. அதை ஐபீஸில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் வில்லையில், திருகிக்கொண்டால், தங்கள் முக்கோணத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

நான் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். 10 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியை, குறைந்த உருப்பெருக்கத்தில், முதலில் 52 சிக்னி என்ற விண்மீனுக்குத் திருப்புவேன். மேற்கு வளைவு அதை உரசிக்கொண்டே செல்வதால் தேட வேண்டியதில்லை. அங்கிருந்து குழாயை மெதுவாக வடகிழக்கே நகர்த்தும்போது, வானத்தின் கருமை சற்றே வெளிறும் ஓர் இடம் வரும். நேராக உற்று நோக்கினால் அது மறைந்துவிடும். பார்வையை ஓரத்துக்கு விலக்கி, குழாயை விரலால் லேசாகத் தட்டி அசைத்தால், வடக்கே அகன்று தெற்கே குறுகும் ஒரு கீற்று பிரிந்து தெரியும். நகர விளக்குகளின் அருகே இதை முயல்வது வீண். எங்கள் தமிழ்நாட்டில் வேறொரு தொல்லையும் உண்டு: அன்னம் முன்னிரவில் உச்சிக்கு வரும் மாதங்கள் மழை மேகத்தின் மாதங்கள். எனவே சித்திரையில், விடியலுக்கு முன் எழுந்து கிழக்கே பார்ப்பதையே நான் விரும்புகிறேன்.

ஒரு வேறுபாட்டையும் குறிப்பிட வேண்டும். அக்காலத் தகடுகள் நீல ஒளிக்கும் அதனினும் குறைந்த அலைநீளத்துக்கும்தான் நன்கு இணங்கின. பச்சை ஒளியை மிகக் குறைவாகவே பதித்தன. அதாவது, தாங்கள் தகட்டில் கண்டதும் நான் ஃபில்டர் வழியே காண்பதும் ஒரே முக்கோணத்தின் வெவ்வேறு ஒளிகள்.

இனி என் குறை. தாங்கள் கண்டது என்ஜிசி வெளிவந்து 16 ஆண்டுகளுக்குப் பிறகு. 1908இல் டிரையர் வெளியிட்ட என்ஜிசியின் இரண்டாம் துணைப் பட்டியலிலும் அது இடம்பெறவில்லை. எண் இல்லாத பொருளுக்குப் பெயர்தான் முகவரி. அந்தப் பெயரோ, வானாய்வக இயக்குநரைச் சுட்டும் 'பிக்கரிங் முக்கோணம்' என்று நிலைத்துவிட்டது. ஆய்வகத்தின் கண்டுபிடிப்பை இயக்குநர் பெயரில் வெளியிடுவது அன்றைய வழக்கம் என்று சமாதானம் சொல்வார்கள். ஒரியன் விண்மீன் குழுவில் உள்ள குதிரைத்தலை நெபுலாவை 1888ஆம் ஆண்டுத் தகட்டில் தாங்கள் கண்டபோதும் இதே வழக்கம்தான் குறுக்கே வந்தது. 1895ஆம் ஆண்டுத் துணைப் பட்டியலில் ஹார்வர்டின் கண்டுபிடிப்புகள் பிக்கரிங் பெயரிலேயே நின்றன. 1908ஆம் ஆண்டுப் பட்டியலில்தான் தங்கள் பெயர் வந்தது. அதற்குள் முக்கோணம் நழுவிவிட்டது. ஆண்கள் சிலருக்கு 2,500 டாலர் ஊதியம், தங்களுக்கு 1,500 என்றும், பெண்ணுக்கு அது மிக நல்ல ஊதியம் என்று சொல்லப்பட்டது என்றும் 1900ஆம் ஆண்டு நாட்குறிப்பில் தாங்கள் எழுதியதைப் படித்த பிறகு, வழக்கம் என்ற சமாதானம் எனக்கு ஒப்பவில்லை.

தகடுகளைப் பற்றியும் அறிந்துகொள்ள விரும்புவீர்கள். ஹார்வர்டு அவற்றுள் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றை ஸ்கேன் செய்து எவரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. ஆனால் ஸ்கேன் செய்வதற்கு முன், கண்ணாடியின் மறுபுறத்தில் தங்கள் குழுவினர் மையால் இட்ட வட்டங்களையும் எண்களையும் அம்புக்குறிகளையும், முதலில் புகைப்படம் எடுத்துக்கொண்டு, பிறகு துடைத்துவிட்டார்கள். விண்மீன்களின் ஒளியை அளக்க அது தேவைதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும், தேடியவரின் கை எங்கே நின்று தயங்கியது என்பதைக் காட்டியவை அந்த மைக்குறிகளே; படத்தில் பார்ப்பது வேறு, கண்ணாடியில் பார்ப்பது வேறு.

ஹெர்ஷல் துண்டாக்கியதை ரேடியோ வானியல் மீண்டும் ஒன்றாக்கியிருக்கிறது. டேவிட் கிரீன் கேம்பிரிட்ஜில் பேணிவரும் சூப்பர்நோவா எச்சங்களின் பட்டியலில், நம் விண்மீன் மண்டலத்தைச் சேர்ந்த சுமார் 300 எச்சங்கள் உள்ளன. அதில் இந்தக் குமிழ் முழுவதற்கும் ஜி74.0-8.5 என்ற ஒரே எண்; மண்டலத் தளத்தை வைத்து அளந்த குறுக்கும் நெடுக்குமான கோணங்களே அந்த எண்ணாகின்றன. யார் கண்டது என்ற பத்தி அதில் இல்லை. என் நோட்டில் அப்படி ஒரு பத்தி உண்டு. முக்கோணத்துக்கு நேரே, எண் இருக்க வேண்டிய கட்டத்தில் கிரீனின் எண்ணையும், பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் 'ஃபிளெமிங் முக்கோணம், 1904' என்றும் எழுதியிருக்கிறேன். வேறு சில அமெச்சூர்களும் அவ்வாறே எழுதத் தொடங்கியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
மரியாதையுடன்,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு வான்நோக்கி