பெக்கி ஆஷ்கிராஃப்டுக்கு அடித்தது அதிர்ஷ்டமல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் டேவிட் லீன் இயக்கிய ‘எ பாசேஜ் டு இந்தியா’ படம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். நம் நீலகிரி மலை ரயிலில் படப்பிடிப்பு நடத்தியதை விரிவாக எழுதியிருந்தீர்கள், சந்தோஷம். ஆனால் மிஸஸ் மூராக நடித்த பெக்கி ஆஷ்கிராஃப்டுக்கு ஒரே ஒரு வரிதான்: ‘77 வயதில் திடீர் அதிர்ஷ்டம் அடித்து ஆஸ்கர் வாங்கிய பாட்டி.’ படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

அதிர்ஷ்டமா? 1926-லேயே பர்மிங்ஹாமில் மேடையேறியவர் அவர். 1930-ல், 22 வயதில், லண்டன் சவாய் தியேட்டரில் ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ நாடகத்தில், பால் ராப்சனின் ஒத்தெல்லோவுக்கு மனைவி டெஸ்டிமோனாவாக நடித்தார். கறுப்பினக் கலைஞருக்கு ஜோடியாக நடித்ததற்காக வசைக் கடிதங்கள் வந்தன. அவர் அசரவில்லை. 1935-ல் பெரிய நடிகர்களான கீல்கட்டும் ஒலிவியரும் ரோமியோ வேஷத்தை மாற்றி மாற்றிப் போட்டபோது, இருவருக்கும் அவரே ஜூலியட். 1956-ல் ஆண்களுக்கான ‘சர்’ போன்ற ‘டேம்’ பட்டம். 1962-ல், பிறந்த ஊரான குராய்டனில் அவர் பெயரிலேயே ஒரு தியேட்டர் திறந்தார்கள். அடுத்த ஆண்டு, ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில், அவர் நாடகங்களில் வரும் மார்கரெட் ராணி வேஷம்: புதுப்பெண்ணாக வந்து, பிள்ளையையும் புருஷனையும் பறிகொடுத்து, சாபமிடும் கிழவியாக முடிகிற பாத்திரம். அப்போது ஆஷ்கிராஃப்டுக்கு வயது 55. இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. அறிந்தும் அந்த வரியை எப்படி விட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

நானும் சபா நாடகங்களில் பல வருஷம் நடித்தவள். எங்களுக்குத் தலைக்கு மேலே மைக் தொங்கும். முக்கியமான வசனம் வந்தால் கால் தானாக அதற்கு நேர்கீழே போய் நின்றுவிடும். அந்த வசதியும் இல்லாமல் கடைசி வரிசைவரை குரலைக் கொண்டுபோனவர்கள் அந்தக் காலத்து லண்டன் நடிகைகள். அப்படிப்பட்ட ஆஷ்கிராஃப்ட், இந்தப் படத்தின் மசூதிக் காட்சியில் டாக்டர் அஜீஸ் அதட்டும்போது, செருப்பைக் கழற்றிவிட்டேன் என்பதை எத்தனை தணிந்த குரலில் சொல்கிறார், பாருங்கள். அது ஒரே நாளில் வருகிற அடக்கம் இல்லை. நான் ஒரு சீரியலில் பாட்டியாக வந்தபோது ஒரு பத்திரிகை என்னைப் ‘புதுமுகம்’ என்று போட்டது. என் வீட்டார் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தங்கள் இதழுக்கும் இது முதல் தடவை இல்லை. 2024-ல் ஆங்கில நடிகை மேகி ஸ்மித் மறைந்தபோது, ‘ஹாரி பாட்டர் டீச்சர்’ என்ற தலைப்போடு கால் பக்கத்தில் முடித்துவிட்டீர்கள். 1964-ல் நேஷனல் தியேட்டரில் ஒலிவியரின் ஒத்தெல்லோவுக்கு அவர்தான் டெஸ்டிமோனா என்றும், ஹாரி பாட்டருக்கு முன்பே இரண்டு ஆஸ்கர் வாங்கியவர் என்றும் அப்போதே எழுதிப் போட்டேன். அது பிரசுரமாகவில்லை, பதிலும் வரவில்லை. வயதான நடிகை என்றால் கடைசியாகப் போட்ட வேஷம் மட்டும்தான் உங்கள் கண்ணில் படுமா? நாயகனுக்கு மட்டும் முதல் படத்திலிருந்து வருஷவாரியாகப் பட்டியல் போடுகிறீர்களே!

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் ஒரு சின்னத் திருத்தம். ‘அதிர்ஷ்டம்’ என்பதை எடுத்துவிட்டு, ‘58 வருஷ நாடக அனுபவம் உள்ள நடிகை’ என்று போடுங்கள். இடம் இல்லையென்றால் இந்தக் கடிதத்தைச் சுருக்கிக்கொள்ளலாம். டெஸ்டிமோனாவை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி