ஒன்பதாம் அதிகாரத்தோட நிறுத்திடாதடா

அன்பு மகனுக்கு அம்மா எழுதுறது. சுகமா இருக்கியா? நாங்க சுகம். அப்பாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, இப்போ கண்ணாடி இல்லாமலே வேதம் வாசிக்கிறாரு. தம்பி நல்லாருக்கான். மத்ததெல்லாம் அப்புறம் எழுதுறேன்.

போன மாசம் உன் அலமாரிய ஒழிக்கும்போது உன் பழைய வேதாகமம் கையில கிடைச்சுது. பவுல் எழுதின ரோமர் நிருபம் 9-ல 22-ஆம் வசனம், தேவன் சிலர அழிவுக்குன்னே வச்சிருக்காரோன்னு பயப்பட வைக்கிற இடம், "அழிவுக்கு எத்தனமாக்கப்பட்ட கோபாக்கினைப் பாத்திரங்கள்"னு வருதே, அதுக்கு அடியில பென்சிலால திரும்பத் திரும்ப கோடு போட்டு தாளே கிழிஞ்சு கிடக்கு. ஓரத்துல பொடி எழுத்துல "நான்?"னு எழுதியிருக்க. ரப்பர் எடுத்துட்டு வந்தேன், அப்புறம் அழிக்க மனசு வரல.

நாலு மாசமா ஒரு போன் இல்ல, மெசேஜுக்கு பதில் இல்ல, வேலை ஜாஸ்தி போலன்னு நானே எனக்கு சொல்லிட்டிருந்தேன். ராத்திரி தூங்குறியாப்பா? தனியா ரொம்ப நேரம் உக்காந்திருக்காத.

பாஸ்டர்கிட்ட உன் பேர் சொல்லாம கேட்டேன், "ஒரு பிள்ளை கேக்குது"ன்னு. அவர் சொன்னது இது. கிரேக்கத்துல "எத்தனமாக்கப்பட்ட"ங்கற இடத்துல யார் ஆக்கினதுன்னு பவுல் சொல்லவே இல்லையாம், ஆனா அடுத்த வசனத்துல கிருபாபாத்திரங்களப் பத்தி சொல்லும்போது மட்டும் தேவன்தான் முன்னமே ஆயத்தமாக்கினார்னு நேரடியா சொல்றாராம். மகிமைக்கு பேர் போட்டுக்கிட்டவர் அழிவுக்கு பேர் போடல. இது ஒண்ணே போதுமான்னு கேட்டா போதாதுதான், அதே அதிகாரத்துல வர்ற எகிப்து ராஜா பார்வோன் இருக்கானே. யாத்திராகமம் 8-ல அவனே தன் இருதயத்தக் கடினப்படுத்துறான், கர்த்தர் கடினப்படுத்தினார்னு வர்றது 9:12-லன்னு நான் சொன்னா, 4:21-ல அவர் முன்னாடியே சொல்லிட்டாரேம்மான்னு நீ திருப்பிக் கேப்ப. உன்கிட்ட வாக்குவாதம் பண்ணி நான் என்னைக்கு ஜெயிச்சிருக்கேன்? பன்னெண்டு வயசுல ரோமர் 8 முழுசையும் பாக்காம சொன்ன பிள்ளைடா நீ. அன்னைக்கு எனக்கு இருந்த கர்வம் உனக்குத் தெரியாது, அத தம்பி முன்னாடி ஒரு நாளும் நான் காட்டல, உன் முன்னாடியும்தான் காட்டல.

யாரு இரட்சிக்கப்படணும், யாரு தள்ளப்படணும்னு தேவன் முன்னமே தீர்மானிச்சுட்டாருன்னு சொல்ற கால்வின் வழிக்காரங்க எழுதினத மட்டும் படிக்காத. கால்வினே அந்தத் தீர்மானம் பயங்கரமானதுதான்னு ஒத்துக்கிட்டவரு, தெரிந்துகொள்ளப்பட்டோமான்னு உனக்குள்ளயே தோண்டிப் பாக்காத, கிறிஸ்துதான் அதுக்குக் கண்ணாடின்னு எழுதினதும் அவரேதான். 1618-19-ல நெதர்லாந்துல டார்ட்ங்கற ஊர்ல கூடின கால்வின் வழிச் சபைச் சங்கம் எவ்வளவு கெடுபிடியானது, அவங்களே முதல் பகுதி 16-ஆம் பிரிவுல, விசுவாசம் இன்னும் உறுதியா தெரியல, ஆனா தேடிட்டிருக்கோம்ங்கறவங்க இந்த தள்ளப்படுற உபதேசத்தக் கேட்டு பயப்பட வேண்டாம், மங்கி எரியுற திரிய அணைக்க மாட்டேன்னு தேவன் சொல்லியிருக்காருன்னு எழுதி வச்சிருக்காங்க. திரி மங்கினா அணைஞ்சதா அர்த்தம் இல்லப்பா. தயவுசெஞ்சு 9-ஓட நிறுத்திடாத, 11 வரைக்கும் படி. 11:32-ல எல்லார்மேலும் இரங்கணும்னுதான் எல்லாரையும் அடைச்சார்னு வருது.

வில்லியம் கூப்பர்னு ஒரு இங்கிலீஷ் கவிஞர், அவர் எழுதின பாட்ட பாடி எத்தனையோ பேர் தேறியிருக்காங்க, ஆனா 1773-ல தேவன் தன்னத் தள்ளிட்டாருன்னு அவருக்கு மனசுல விழுந்துடுச்சு, 1800-ல சாகுற வரைக்கும் அவரால அதுல இருந்து வெளிய வர முடியல. அத படிச்ச ராத்திரியில இருந்து எனக்கு தூக்கம் இல்ல. அதனாலதான் இந்த லெட்டர். டாக்டர பாக்கணும்னா போய் பாரு, அதுல விசுவாசக் குறைச்சல் ஒண்ணும் இல்ல. போன எடு.

இவ்வளவும் எழுதிட்டு எழுத வேண்டியத இன்னும் எழுதல. அந்த "நான்?" பவுல்கிட்ட கேட்டது இல்லன்னு எனக்குத் தெரியும்டா. வீட்ட தம்பி பேருக்கு எழுதின அன்னைக்கு நீ வாசல்ல நின்னு "அப்போ நான்?"னு கேட்ட. நான் என்ன சொன்னேன்? "யாக்கோபைச் சிநேகித்து ஏசாவை வெறுத்தேன்னு கர்த்தரே சொல்லியிருக்காரு, போ"ன்னேன். மல்கியா தீர்க்கதரிசி அத சொன்னது ஏசா வம்சமான ஏதோம் தேசத்தப் பத்தி, நான் அத எடுத்து பெத்த பிள்ள மூஞ்சில எறிஞ்சேன். பிறக்குறதுக்கு முன்னாடி தேவன் யார வெறுத்தாரோ எனக்குத் தெரியாது, தம்பிதான் ஒசத்தின்னு முடிவு பண்ணது நான், பழிய அவர்மேல போட்டேன். ஏசாவுக்கும் யாக்கோபுக்கும் அம்மாவான ரெபெக்காள் பண்ண வேலை. நீயும் அப்பாவும் பேசிட்டு இருந்தத கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுட்டு, மூத்தவன் கேக்கப்போற ஆசீர்வாதத்த இளையவனுக்கு மாத்தினேன்.

ஆதியாகமம் 27-ல ஏசா அலறுறான் பாரு, "என்னையும் ஆசீர்வதியும்"னு. இத்தனை வருஷமா அந்த இடத்த வேகமா தாண்டிப் போயிடுவேன். இந்த வாரம் தாண்ட முடியல. 33-ல அவனே தம்பிய பாத்து ஓடி வந்து கட்டிப்பிடிச்சு அழறான். வெறுக்கப்பட்டவன்னு நான் சொன்னவன்தான் முதல்ல ஓடி வந்தவன். ஆனா அந்த அம்மா அங்க இல்ல, ரெண்டு பேரும் சேர்ந்து நின்னத அவ பாத்ததா எங்கயும் எழுதல.

மன்னிச்சுடுன்னு எழுத கை கூசுது, எழுதிட்டேன். உன்ன ஓடி வான்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல, நான் வரட்டுமா?

வேதாகமம் என்கிட்டதான் இருக்கு, கிழிஞ்ச இடத்துல ஒட்டல. அனுப்பவா, கொண்டு வரவா, இல்ல வேண்டாமா, அத மட்டும் ஒரு வார்த்தை அனுப்பு.

அம்மா