மூலிகைத் தோட்டச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் எலுமிச்சைப்புல்லைப் பற்றி மட்டும் பேசுகிறேன். இந்த ஆண்டு நம் வேலையும் வாக்குவாதமும் பெரும்பாலும் அதைச் சுற்றித்தான்.

பொதுப் பாத்தியில் பழைய தூர்களைப் பிரித்து நட்டோம். நம்மிடம் உள்ள எலுமிச்சைப்புல் வகையான சிம்போபோகன் சிட்ரேட்டஸ் அரிதாகத்தான் பூக்கும் என்பதால் விதை கேட்டவர்களுக்கும் வேரோடு கூடிய தண்டுகளையே கொடுத்தோம். இலையைப் பாதியாக நறுக்கி, இரண்டு மூன்று தண்டுகளைச் சேர்த்து, 60 செ.மீ. இடைவெளியில் வைத்தால் போதும். தாழ்வான மூலையில் வைத்தவை தண்ணீர் தேங்கி அழுகிவிட்டன. அங்கே மேட்டுப்பாத்தி போட்டிருக்கிறோம். மர நிழலில் நட்டவை பிழைத்தன, மணம்தான் இல்லை. இது வெயில் கேட்கும் புல்.

தூர் நன்றாகப் பருத்த பிறகே அறுக்க வேண்டும். அடியில் ஒரு சாண் விடாமல் ஒட்ட அறுத்தவர்களின் பாத்தியில் மறுதளிர் மெலிந்தே வந்தது. இலையின் ஓரம் கையைக் கிழிக்கும், கையுறை அவசியம். உலர்த்துவது நிழலில். சுள்ளென்ற வெயிலில் காய்ந்த இலையில் மணம் பறந்துவிடுகிறது, மிஞ்சுவது வைக்கோல்.

உறுப்பினர் சிலர் வெளியிலிருந்து கொண்டுவந்த புல்லின் அடித்தண்டு சிவந்திருந்தது. அது சிட்ரோனெல்லா. கொசுவிரட்டிக்குப் பயன்படும் இன்னொரு புல். அதைத் தேநீருக்கு எடுக்க வேண்டாம். எலுமிச்சை வாசனைக்குக் காரணம் சிட்ரால் என்ற மணப்பொருள், சிட்ரோனெல்லாவில் தூக்கலாக இருப்பது சிட்ரோனெல்லால் என்ற வேறொரு மணப்பொருள். கசக்கி முகர்ந்தால் பழகிய மூக்குக்குத் தெரியும்.

இனி மருந்து விஷயம். வயிற்று உப்புசத்துக்கும் சளிக்கும் பல நாடுகளில் இந்த இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை மதிக்கிறேன். ஆனால் நமது கையேட்டின் முதல் வரைவில் தூக்கமின்மை தொடங்கிப் புற்றுநோய்வரை இது குணமாக்கும் என்று எழுதியிருந்ததைச் செயற்குழு நீக்கியது. மனப்பதற்றத்தைத் தணிக்கும், தூக்கம் தரும் என்ற நம்பிக்கையைப் பிரேசில் ஆய்வாளர்கள் மனிதர்களிடமே சோதித்து 1986இல் முடிவை வெளியிட்டார்கள்: தேநீரால் கெடுதல் தெரியவில்லை, சொல்லப்பட்ட பலனும் தெரியவில்லை. சிட்ரால் பூஞ்சையைத் தடுப்பது ஆய்வகத்தில் தெளிவாகத் தெரிகிறது. ஆய்வுத்தட்டில் நடப்பது உடம்பிலும் நடக்கும் என்று நாம் எழுதித் தர முடியாது. இதில் வருத்தப்பட்ட உறுப்பினர்கள் உண்டு. வரைவு திருத்தப்பட்டபடியே அச்சாகும்.

எண்ணெய் வேறு கதை. வடித்த எண்ணெயைக் குடிக்கக் கூடாது. நேரடியாகத் தோலில் தடவினால் எரிச்சல் வரும். கர்ப்பிணிகளும் தொடர்ந்து மருந்து சாப்பிடுகிறவர்களும், எண்ணெய் மட்டுமல்ல, இலையைக்கூட மருந்தாக எடுக்குமுன் மருத்துவரைக் கேட்கட்டும்.

வரும் ஆண்டில் நெருக்கிப்போன தூர்களைப் பிரித்து வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொரு செடிக்கும் பெயர்ப்பலகை வைக்கவும், உலர்த்தப் பந்தல் போடவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. இரண்டுக்கும் உங்கள் ஒப்புதலைக் கோரி, அறிக்கையை அவையின் முன் வைக்கிறேன்.

செயலாளர்