தாத்தா பாட்டிக்கும் ஒரு சவாரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

நம் செந்தோசா தீவிலுள்ள யுனிவர்சல் ஸ்டுடியோஸ் கேளிக்கைப் பூங்கா அடுத்து எப்படி விரிவடையும் என்ற ஊகங்களைப் பற்றிய செய்தியைப் படித்தேன். நிண்டெண்டோ வீடியோ கேம்களை மையமாக வைத்த சூப்பர் நிண்டெண்டோ வேர்ல்டு என்ற பகுதி வரும் என்று 2019இல் அறிவித்தார்கள். 2025 பிப்ரவரியில் முதலில் திறந்ததோ மினியன் கார்ட்டூன் பாத்திரங்களின் மினியன் லேண்ட், அதுவும் ‘மடகாஸ்கர்’ கார்ட்டூன் படத்தை வைத்து அமைத்திருந்த பழைய பகுதியின் இடத்தில். சரி, நாலு பக்கமும் கடல் சூழ்ந்த தீவில் புதியது வர வேண்டுமானால் பழையது வழிவிடத்தான் வேண்டும். ஆனால் போவது எது என்பதையும் பார்க்க வேண்டாமா?

மடகாஸ்கர் படகுச் சவாரியில் முட்டிவலிக்கார என் அம்மாவும் பேரப்பிள்ளைகளோடு ஏறி உட்கார்ந்தார். தலைகீழாகச் சுழற்றும் ரோலர் கோஸ்டர் பக்கம் அவர் போகவே மாட்டார், கைப்பைகளுக்குக் காவல்தான். இனி வரும் ஒவ்வொரு பகுதியிலும் முதியோர் நிதானமாக ஏறி இறங்கக்கூடிய சவாரி ஒன்றையாவது பூங்கா நிர்வாகம் திட்டத்திலேயே சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சிங்கப்பூர்