சனகெரிப்பின் பக்கத்தையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேதாகமமும் தொல்லியலும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எரிகோவின் மதில், செங்கடலுக்கடியில் பார்வோனின் தேர்ச் சக்கரம், யூதா நாட்டு மன்னன் எசேக்கியா எருசலேமில் வெட்டிய சுரங்கக் கால்வாய் என்று எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து, ‘அனைத்தும் நிரூபணமாகிவிட்டது’ என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர். இதற்குப் பதில் எழுதப்போகிற ஒரு சாரார் ‘அனைத்தும் கட்டுக்கதை’ என்பார்கள். இரண்டு தரப்பும் மண்ணைத் தோண்டி எடுத்ததைப் பார்ப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

தேர்ச் சக்கரத்தை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். எந்தத் தொல்லியலாளரும் கரையேற்றி, ஆராய்ந்து, அறிக்கை எழுதிய பொருள் அல்ல அது. வாட்ஸ்அப்பில் சுற்றும் படம், அவ்வளவுதான். எரிகோ கதை வேறு. 1930களில் அங்கே தோண்டிய ஜான் கார்ஸ்டாங், விழுந்து கிடந்த மதிலைப் பார்த்து, வேதாகமத்தில் அந்த நகரத்தைப் பிடிக்கும் யோசுவாவின் காலத்தது என்றார். 1950களில் கேத்லீன் கென்யன் மறுபடி தோண்டியபோது, அந்த மதில் யோசுவாவுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தையது என்று தெரிந்தது. யோசுவாவின் காலமாக இன்று பலர் சொல்லும் கி.மு. 13ஆம் நூற்றாண்டில் அங்கே மதில் சூழ்ந்த நகரம் இருந்ததற்கான தடயத்தையே அவர் காணவில்லை. கட்டுரையில் கார்ஸ்டாங் இருக்கிறார், கென்யன் இல்லை. பாதிக் கதையைச் சொல்லிவிட்டு நிறுத்துவது வாசகருக்குச் செய்யும் மரியாதை அல்ல.

சரி, உண்மையிலேயே கனமான சான்று எது? கட்டுரையாளர் மூன்றே வரியில் தாண்டிப்போன கி.மு. 701தான். அந்த ஆண்டு அசீரிய மன்னன் சனகெரிப், எருசலேமைத் தலைநகராகக் கொண்ட யூதா நாட்டின்மேல் படையெடுத்தான். வேதாகமத்தில் இது 2 இராஜாக்கள், ஏசாயா, 2 நாளாகமம் ஆகிய மூன்று நூல்களில் வருகிறது. அதே படையெடுப்பை சனகெரிப்பும் தன் பங்குக்கு எழுதி வைத்திருக்கிறான். அவனுடைய தலைநகரான நினிவேயில் 1830இல் கிடைத்த ஆறுபட்டைக் களிமண் தூண் ஒன்று இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டெய்லர் பட்டகம் என்று அதற்குப் பெயர். உயரம் ஒரு முழத்துக்கும் குறைவு. ஆறு பக்கமும் பொடிப்பொடியாக ஆப்பெழுத்து.

அதில் சனகெரிப் சொல்வது இது: யூதாவின் அரணுள்ள நகரங்கள் 46ஐப் பிடித்தேன், 2,00,150 பேரை வெளியேற்றினேன், எசேக்கியாவை அவனுடைய எருசலேமிலேயே கூண்டுப் பறவையைப்போல அடைத்தேன், 30 தாலந்து (தாலந்து என்பது அந்தக் கால எடை அளவு) பொன்னும் 800 தாலந்து வெள்ளியும் கப்பமாக வந்தன. எருசலேமைப் பிடித்தேன் என்று மட்டும் அவன் எங்கேயும் சொல்லவில்லை. பெருமையடிப்பதில் வஞ்சனையே வைக்காத மன்னன் அவன். பிடித்திருந்தால் எழுதாமல் விட்டிருப்பானா?

இப்போது 2 இராஜாக்கள் 18ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எசேக்கியா, யூதாவின் லாகீஸ் நகரில் இருந்த அசீரிய ராஜாவுக்கு ஆள் அனுப்பி, ‘தப்பு செய்துவிட்டேன், திரும்பிப்போம், கேட்டதைத் தருகிறேன்’ என்று பணிகிறான். 30 தாலந்து பொன், 300 தாலந்து வெள்ளி. பொன் கணக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது, வெள்ளியில்தான் இடிக்கிறது. பணம் போதாமல் ஆலயக் கதவுகளில் தானே அடித்திருந்த பொன் தகட்டை எசேக்கியா கழற்றிக் கொடுத்தான் என்பதையும் அந்த நூல் மறைக்கவில்லை. தங்களுக்குப் பிடித்த நல்ல ராஜாவைப் பற்றி இப்படி எழுத யாருக்கும் கை வராது. நடந்திருந்தால்தான் எழுதுவார்கள். இதைவிட சுவாரசியம், பிற்காலத்தில் எழுதப்பட்ட 2 நாளாகமத்தில் இந்தக் கப்பச் செய்தியே கிடையாது. ஒரே சம்பவத்தை வேதாகமத்துக்குள்ளேயே இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ‘நிரூபணம்’ என்ற ஒற்றைச் சொல்லில் இதெல்லாம் அடிபட்டுப் போகிறது.

அசீரியர் முகாமில் ஒரே இரவில் 1,85,000 பேர் மாண்டார்கள் என்பதை மண் சொல்லாது. அது விசுவாசத்தின் எல்லை. சனகெரிப்பின் 2,00,150ஐயும் ஆய்வாளர்கள் பலர் அப்படியே ஏற்பதில்லை. போர்க் கணக்கில் பூஜ்யங்களைத் தாராளமாகச் சேர்ப்பது அந்தக் கால மன்னர்களுக்குக் கைவந்த கலை.

லாகீசுக்கு வருவோம். அந்த நகரம் எப்படி விழுந்தது என்று வேதாகமத்தில் விவரமே இல்லை, பெயர் மட்டும் போகிற போக்கில் வருகிறது. சனகெரிப்போ நினிவே அரண்மனையில் ஓர் அறையின் சுவர்களையே அதற்கு ஒதுக்கியிருக்கிறான். 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்டின் ஹென்றி லேயார்ட் தோண்டியெடுத்த அந்தப் புடைப்புச் சிற்பங்களும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன. மதிலை இடிக்கும் எந்திரம் சரிவுப் பாதையில் ஏறுகிறது. மேலிருந்து யூதர்கள் எரியும் பந்தங்களை வீசுகிறார்கள். எந்திரத்துக்குள் நிற்கும் ஒரு வீரன் நீண்ட அகப்பையால் தண்ணீர் மொண்டு ஊற்றி அதை நனைத்துக்கொண்டே இருக்கிறான். கீழே மாட்டு வண்டியில் மூட்டை முடிச்சோடு குடும்பங்கள் வெளியேறுகின்றன. கழுவேற்றப்பட்டவர்களும் இருக்கிறார்கள். இந்தப் பக்கம் சனகெரிப் சிம்மாசனத்தில் அமர்ந்து கொள்ளைப் பொருட்களைப் பார்வையிடுகிறான். அவன் முகத்தை மட்டும் பின்னால் வந்த யாரோ வேண்டுமென்றே சிதைத்திருக்கிறார்கள்.

இது அரண்மனைச் சிற்பியின் கற்பனையாக இருக்கக்கூடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1930களில் ஜேம்ஸ் ஸ்டார்கியும், 1970களிலிருந்து டேவிட் உசிஷ்கினும் லாகீஸ் மேட்டில் தோண்டினார்கள். தென்மேற்கு மூலையில், கற்களைக் கொட்டிக் கட்டிய அந்தச் சரிவுப் பாதை இன்றும் கிடக்கிறது. உள்ளே இருந்தவர்கள் அதற்கு எதிராக அவசர அவசரமாகக் குவித்த மண்மேடு, நூற்றுக்கணக்கான அம்பு முனைகள், கவண் கற்கள், ஓர் இரும்புச் சங்கிலி எல்லாம் கிடைத்தன. எரிந்துபோன அடுக்கில் ‘அரசனுக்குரியது’ என்று முத்திரை குத்திய கைப்பிடியுள்ள பெரிய ஜாடிகளும் இருந்தன. எதிரியின் சுவரில் சிற்பம், யூதாவின் நூலில் ஒரு வரி, லாகீஸ் மண்ணில் அம்பு. மூன்றும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை அல்ல.

எருசலேமின் சுரங்கக் கால்வாயும் இந்த முற்றுகைக்கான ஆயத்தம் என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள். கீகோன் ஊற்றிலிருந்து சீலோவாம் குளம்வரை 533 மீட்டர், பாறைக்குள் வளைந்து வளைந்து போகிறது. 1880இல் அதன் சுவரில் கண்டுபிடிக்கப்பட்ட ஆறு வரிக் கல்வெட்டில் ராஜாவின் பெயர் கிடையாது, தேவனின் பெயரும் கிடையாது. இரண்டு பக்கமிருந்தும் வெட்டி வந்த தொழிலாளர்கள், நடுவே மூன்று முழம் பாறை மிச்சமிருக்கும்போது ஒருவர் குரலை ஒருவர் கேட்டதும், உளிக்கு எதிர் உளி மோதியதும், தண்ணீர் பாய்ந்ததும்தான் அதில் இருக்கிறது. வேலை பார்த்தவர்களின் கல்வெட்டு அது. என்னைக் கேட்டால் பட்டகத்தைவிட இதுதான் பெரிய புதையல். கால்வாயின் பூச்சில் சிக்கியிருந்த தாவரத் துணுக்குகளைக் கரிமக் காலக்கணிப்புக்கு உட்படுத்தி 2003இல் வெளியிட்ட முடிவும் ஏறக்குறைய கி.மு. 700ஐத்தான் காட்டியது. இன்னும் சற்று முன்பே வெட்டியிருக்கலாம் என்று வாதாடும் தொல்லியலாளர்களும் உண்டு. அதையும் கட்டுரையில் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். எரிகோ பற்றி அடுத்து எழுதும்போது கென்யனின் முடிவையும் சேர்த்துப் போடுங்கள். தேர்ச் சக்கரப் படத்தை இணையப் பதிப்பிலிருந்தாவது எடுத்துவிடுங்கள். அப்புறம் ஒரு சின்னத் திருத்தம்: சீலோவாம் கல்வெட்டு எருசலேமில் இருப்பதாகப் படக்குறிப்பு சொல்கிறது. அது கிடைத்த காலத்தில் எருசலேம் துருக்கியரின் ஆட்சியில் இருந்ததால், மூலக் கல் இஸ்தான்புல் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பாளையங்கோட்டை