மெஷினை அப்புறம் பார்க்கலாம், முதலில் கொட்டையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் காபிக்கொட்டை வறுத்து விற்கும் தொழிலைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மெஷின் விலை, கடை வாடகை, பாக்கெட், லேபிள், உணவுப் பாதுகாப்பு உரிமம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறீர்கள். கொட்டைக்கு மட்டும் ஒரே ஒரு வரி. தரமான பிளாண்டேஷன் ஏ (கழுவிப் பதப்படுத்திய அரபிகா வகைக் கொட்டை) அல்லது பீபெரி என்னும் உருண்டைக் கொட்டையைத் தோட்டத்திலேயே நேரடியாக வாங்கினால் லாபம் கூடும் என்கிறது அந்த வரி. இதே யோசனையை யாரோ சொல்லக் கேட்டுப் பணத்தைப் போட்டுவிட்டு, அப்புறம் எங்கள் கடைக்கு வந்து நிற்பவர்களைப் பார்க்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் எங்களுக்குக் காபித்தூள் கடை. மாமனார் தொடங்கியது. பச்சைக்கொட்டை, அதாவது வறுக்காத கொட்டை, வாங்குவதும் வறுப்பதும் இப்போது என் பொறுப்பு. கல்லாவை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார்.

முதலில் அந்த 'ஏ'. அது ருசிக்குக் கொடுத்த மார்க் இல்லை, சல்லடை அளவு. காய்ந்த காபியின் தோலை நீக்கும் ஆலைக்கு க்யூரிங் ஒர்க்ஸ் என்று பெயர். அங்கே தோல் நீக்கிய கொட்டையைச் சல்லடை சல்லடையாக விட்டுப் பிரிப்பார்கள். 17ஆம் நம்பர் சல்லடை என்றால் அதன் ஓட்டை ஓர் அங்குலத்தை 64 பங்காக்கி அதில் 17 பங்கு. அதில் விழாமல் நிற்கும் பெரிய கொட்டை ஏ, அதைவிடச் சின்னது பி, அதற்கும் கீழே சி. ஏ கொட்டை பார்வைக்கு நன்றாக இருக்கும், ஒரே சீராக வறுபடும், அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். ஆனால் நல்ல தோட்டத்து பி, கவனிப்பில்லாத தோட்டத்து ஏ-யைவிட ருசியாக இருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

பீபெரி கதையும் இதேதான். காபிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு விதை இருக்கும். ஒன்று வளராமல் போனால் மற்றது உருண்டையாகத் திரளும், அவ்வளவுதான். தனி ரகமும் இல்லை, தனி மரமும் இல்லை. மோசமான தோட்டத்திலும் பீபெரி காய்க்கும். நம் ஆட்களுக்கோ பீபெரி என்றாலே தனி மரியாதை. "எங்க அம்மா பீபெரி தவிர வேற வாங்க மாட்டாங்க" என்று பெருமையாகச் சொல்லும் வாடிக்கையாளர்கள் எங்களுக்கும் உண்டு. நானும் தலையாட்டிவிட்டு அரைத்துக் கொடுக்கிறேன், வியாபாரம் ஆயிற்றே!

சென்ற தீபாவளிக்கு முன்னால், ஒயிட்ஃபீல்டில் ஐ.டி. வேலையில் இருந்துகொண்டே இந்தத் தொழிலில் இறங்கிய ஒரு தம்பி சாம்பிள் பை ஒன்றைக் கொண்டுவந்தார். "பீபெரி அக்கா, மார்க்கெட்டைவிட கிலோவுக்கு 40 ரூபாய் கம்மி. ஏற்கெனவே பத்து மூட்டை எடுத்துட்டேன்" என்றார். எவர்சில்வர் தட்டில் கொட்டிப் பரப்பினோம். பதமாகக் காய்ந்த புதுக் கொட்டையில் நீலம் கலந்த பச்சை தெரியும். இது வைக்கோல் நிறம், ஓரமெல்லாம் வெளுத்திருந்தது. ஒரு கைப்பிடியைக் கப்பில் போட்டு வெந்நீர் ஊற்றி மூடித் திறந்ததும் ஈரச் சாக்கு நெடி அடித்தது. 100 கிராம் வறுத்தோம். மற்றவை சிவந்து வெடித்த பிறகும் ஆங்காங்கே சில கொட்டைகள் மஞ்சளாகவே நின்றன. பழுக்காத காயைப் பறித்தால் அதன் விதை அப்படித்தான், எவ்வளவு வறுத்தாலும் நிறம் ஏறாது. டிகாஷன் இறக்கிப் பால் ஊற்றிக் குடித்தோம். பாலுக்கும் அடங்கவில்லை அந்தச் சாக்கு வாசனை. போன வருஷத்துச் சரக்கு, அதுவும் ஈரத்தில் கிடந்தது. கொட்டை என்னவோ பீபெரிதான், அதில் பொய் இல்லை.

நம் காபியில் அரபிகா, ரோபஸ்டா என்று இரண்டு வகை. கர்நாடகத்தில் அரபிகா அறுவடை நவம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரை ஓடும், ரோபஸ்டா பொங்கலை ஒட்டி ஆரம்பித்து மார்ச் வரை. காயவைத்து, க்யூரிங் முடிந்து புதுச் சரக்கு ஓரளவு நிறைய வருவது மார்ச், ஏப்ரலில். தீபாவளி சமயத்தில் சல்லிசாக ஒருவர் தருகிறார் என்றால் எந்த அறுவடை என்று கேட்காமல் பணம் எடுக்கக் கூடாது. நல்ல சரக்கைக் கோடையிலேயே பிடித்து வைக்க வேண்டும், அதில் முதலீடு முடங்கும். மெஷினுக்குக் கடன் வாங்கச் சொல்லும் கட்டுரைகள் இந்த முடக்கத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை.

அடுத்தது, தோட்டத்தில் நேரடியாக வாங்குவது. வாங்கலாம், நல்ல விஷயம்தான். ஆனால் கணக்கைப் புரிந்துகொண்டு போக வேண்டும். குடகிலும் சிக்கமகளூரிலும் சக்லேஷ்பூரிலும் விவசாயி சொல்லும் விலை 50 கிலோ மூட்டைக்கு. ரோபஸ்டா செர்ரி என்றால் பழத்தை அப்படியே தோலோடு காயவைத்தது. மூட்டை 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிலோ 200 என்று புதிதாக வருபவர் சந்தோஷப்படுவார். தோலை நீக்கினால் 50 கிலோவில் 25, 26 கிலோ கொட்டைதான் தேறும். இதைத்தான் அங்கே அவுட்டர்ன் என்கிறார்கள், பேரமே அதை வைத்துத்தான். ஆக கிலோ 385 ஆகிவிட்டது. வறுத்தால் நூற்றுக்குப் பதினேழு, பதினெட்டு எடை ஆவியாகும். வறுத்த கொட்டை அடக்கம் 460-ஐத் தாண்டும். க்யூரிங் கூலி, லாரி வாடகை, பொறுக்கித் தள்ளும் கழிவு இதில் சேரவில்லை. பார்ச்மென்ட் என்பது பழத்தின் சதையை நீக்கிக் கழுவி, உள்தோலோடு காயவைத்தது. அதில் சேதாரம் குறைவு, 50 கிலோவுக்கு 40 கிலோ வரை கிடைக்கும். அதற்குத் தகுந்த மாதிரி மூட்டை விலையும் ஏறியிருக்கும்.

ஈரப்பதமும் பணம்தான். பத்திலிருந்து பன்னிரண்டு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பதிமூன்று, பதினான்கு என்று மீட்டர் காட்டினால் தண்ணீரைக் காபி விலைக்கு வாங்குகிறீர்கள், பூஞ்சையும் கூடவே வரும்.

சாம்பிள் எடுப்பதில்தான் நான் பிடிவாதக்காரி. அவர்கள் பாக்கெட்டில் கட்டித் தருவதை வைத்து முடிவு செய்ய மாட்டேன். அடுக்கில் உள்ளே இருக்கும் மூட்டைகளிலும் குத்தூசி போட்டு எடுத்துக் கலப்பேன். உலக அளவில் உயர்தரக் காபியைத் தரம் பிரிக்க 350 கிராம் எடுக்கிறார்கள், நானும் அதே அளவுதான் எடுக்கிறேன். கறுப்பு, பழுப்பு, உடைசல், குண்டூசித் துளை விழுந்தது என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தனித்தனியாக எடை போடுவேன். அந்தத் துளை காய்த்துளைப்பான் வண்டின் வேலை, 1990இல் நம் நாட்டில் முதன்முதலாகக் கூடலூர்ப் பக்கம் தென்பட்டது. துளை ஒன்றிரண்டு என்றால் விட்டுவிடுவேன். கறுப்பில் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஒரு கறுப்புக் கொட்டை போதும் ஒரு டம்ளரைக் கெடுக்க.

அப்புறம் ருசி. கப்பிங் என்று கறுப்பாக உறிஞ்சிப் பார்க்கிறார்களே, 150 மில்லி வெந்நீருக்கு 8.25 கிராம் தூள், அதைக் கற்றுக்கொள்ளுங்கள், குறை கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் கொள்முதலை அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நம் வாடிக்கையாளர் குடிப்பது சிக்கரி போட்ட டிகாஷன், அதில் பால், அதில் சர்க்கரை. கப்பிங்கில் எல்லோரும் மெச்சும் பழப் புளிப்பு பாலில் இருக்கும் இடம் தெரியாமல் போய்விடும். பாலைத் தாங்க அடர்த்தி வேண்டும். அதற்கு நன்றாகக் கழுவிக் காயவைத்த ரோபஸ்டா பார்ச்மென்ட்டில் கொஞ்சம் சேர்த்துப் பாருங்கள். ரோபஸ்டா என்றால் மட்டம் என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: இந்தியாவில் விளைவதில் பெரும்பகுதி அதுதான், வெளிநாட்டில் எஸ்பிரஸ்ஸோ கலவைக்கு நம் ரோபஸ்டாவைத் தேடி வாங்குகிறார்கள்.

கூர்க், சிக்கமகளூர், பாபாபுடன்கிரி அரபிகாக்களுக்கும் வயநாடு ரோபஸ்டாவுக்கும் 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் பாக்கெட்டில் அழகாக இருக்கும், சாம்பிளை மட்டும் பார்க்காமல் விடாதீர்கள். ஏற்காடு, தாண்டிக்குடிப் பக்கத்துக் கொட்டையையும் புதியவர்கள் ஒருமுறை வறுத்துப் பார்க்கலாம். கர்நாடகத்தில் இருக்கிறோம் என்பதற்காக அதை மறந்துவிட வேண்டியதில்லை.

இதையெல்லாம் முறையாகக் கற்க இந்த ஊரிலேயே வசதி இருக்கிறது. அம்பேத்கர் வீதியில் காபி வாரியத்தின் தலைமை அலுவலகம். வறுக்கவும் ருசி பார்க்கவும் பயிற்சி நடத்துகிறார்கள். தங்கள் கட்டுரையில் அது இடம்பெறாதது எனக்கு வருத்தமே.

ஒரு வேண்டுகோள். தங்கம், வெள்ளி, காய்கறி விலையைத் தினமும் போடுகிறீர்கள். காபி வாரியம் வெளியிடும் பச்சைக்கொட்டை விலையையும் வாரத்துக்கு ஒருநாள் பெங்களூருப் பதிப்பிலாவது போடுங்கள். போடும்போது அது 50 கிலோ செர்ரி மூட்டையின் விலையா, தோல் நீக்கிய கொட்டையின் கிலோ விலையா என்று பக்கத்திலேயே அச்சிடுங்கள். இது இல்லாமல் வெறும் எண்ணைப் போட்டால் இன்னும் நாலு பேர் என்னிடம் சாம்பிள் பையோடு வருவார்கள்.

கடைக்கு விளம்பரம் தேடுகிறேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
காபித்தூள் கடைக்காரர் ஒருவர்,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு.